கேஜ் சொல்வதை எவ்வளவு நம்பலாம்: ஸ்கூபா கருவிகளும் அவற்றுக்கான மாற்றும்

12 லிட்டர் சிலிண்டர், அதன் காற்றழுத்தம் காட்டும் கேஜில் 50 பார், ஆழம் 20 மீட்டர். ஜோடியாக இறங்கியவருக்கு அந்த நேரம் பார்த்துக் காற்று தீர்ந்துவிடுகிறது. ஒரே சிலிண்டரிலிருந்து இருவரும் மூச்சிழுத்தபடி நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறி, உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, மேலே வர வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 25 லிட்டர் என்று வைத்தால், இருவருக்கும் சேர்த்துச் சுமார் 450 லிட்டர் ஆகும். 50 பார் என்றால் 600 லிட்டர். கடைசி 10 பாரை உறிஞ்ச முடியாது என்று கழித்துவிட்டாலும் தப்பித்துவிடலாம்.

ஆனால் அந்தக் கேஜ் 15 பார் கூட்டிக் காட்டுகிற கேஜ் என்றால் உள்ளே இருப்பது 35 பார்தான், அதாவது 420 லிட்டர். கணக்கு உதைக்கிறது.

செத்துப்போன கேஜ் இந்த விஷயத்தில் நல்லது. அது செத்தது கண்ணுக்குத் தெரியும், டைவை முடித்துக்கொண்டு ஏறிவிடுவீர்கள். ஓடிக்கொண்டே தப்பாகக் காட்டுகிற கேஜைத்தான் நம்பி ஏமாறுகிறோம். ஆகவே கருவி வாங்கும்போது திரையின் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன், இது எப்படிப் பழுதாகும், பழுதானால் தண்ணீருக்குள் எனக்குத் தெரியவருமா, பக்கத்தில் இருக்கும் மாற்றுக் கருவியும் அதே காரணத்தால் படுத்துவிடுமா என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

அழுத்தக் கேஜ்

முள் வைத்த கேஜின் உள்ளே இருப்பது பூர்தோன் குழாய். 1849-ல் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றும் அதேதான். தட்டையாக்கி வளைத்த ஒரு உலோகக் குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிர முயலும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றும். பேட்டரி வேண்டாம், அமைப்பதற்கு எதுவுமில்லை. கெட்டுப்போகிற வழிகளும் சொற்பம்: கீழே போட்டதில் முள் அச்சில் நகர்ந்துவிடும், உப்பு புகுந்து பற்சக்கரம் சிக்கும், குழாய் களைத்துப்போய் அளவு தவறும்.

இதில் முள் நகர்ந்த கேஜ்தான் ஏமாற்றும். பல கேஜ்களில் பூஜ்யத்தில் ஒரு சிறு ஆணி இருக்கும்; முள் அதில் முட்டி நின்றுவிடுவதால், உண்மையில் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டிய முள்ளும் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அழுத்தம் இல்லாதபோது பூஜ்யம் காட்டுகிறது என்பது சான்றிதழ் ஆகாது. சோதிக்க வேண்டுமானால், துல்லியம் தெரிந்த டிஜிட்டல் கேஜையோ, அழுத்தத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரையோ ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (சிலிண்டர் வால்வில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்) இன்னொரு உயர் அழுத்தப் போர்ட்டில் மாட்டி, 200, 100, 50 என்று மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள். 200-ல் 10 பார் வித்தியாசம் பெரிதில்லை. 50-ல் அதே 10 பார் கூட்டிக் காட்டினால் அந்தக் கேஜைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். பிறகு வால்வை மூடிவிட்டு, வாய்க்கருவியின் பர்ஜ் பொத்தானை லேசாக அழுத்திக் காற்றை மெல்ல விடுங்கள். முள் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு இடத்தில் நின்று, தட்டியதும் குதித்து இறங்கினால் உள்ளே சிக்கல் இருக்கிறது.

வாங்கும்போது முகப்பைப் பாருங்கள். 0 முதல் 100 பார் வரையான பகுதி எவ்வளவு அகலமாக இருக்கிறது? 400 பார் வரை அச்சிட்ட சிறிய முகப்பில் 50-க்கும் 40-க்கும் இடையே மயிரிழைதான் மிஞ்சும். மங்கலான தண்ணீரில் அது உதவாது. இருட்டில் ஒளிரும் முகப்பு, தடித்த முள், 50-ல் தொடங்கும் சிவப்புப் பட்டை போதும். பித்தளை உடலும் கனமான கண்ணாடியும் கொண்ட தனிக் கேஜ், பிளாஸ்டிக் கன்சோலில் அடைத்த கேஜைவிட நீடிக்கும் என்பது என் கட்சி. கன்சோலின் ரப்பர் உறைக்குள் உப்பு தங்கும். அதைக் கழற்றிக் கழுவுகிறவர்கள் குறைவு.

கேஜுக்குப் போகும் ஹோஸின் உயர் அழுத்த முனையில் மயிர் நுழையும் அளவு துளைதான் உண்டு. ஹோஸ் கிழிந்தால் சத்தமும் குமிழியும் கலவரப்படுத்தும், ஆனால் காற்று அந்தச் சிறு துளை வழியாகத்தான் போக முடியும். நிதானமாக ஏற நேரம் கிடைக்கும். மூச்சுக் காற்றைக் கொண்டுவரும் தாழ் அழுத்த ஹோஸில் இந்தத் தடை இல்லை. அது கிழிந்தால் சிலிண்டர் வெகு சீக்கிரம் காலியாகும். எந்த ஹோஸ் போனது என்று தெரியாமல் ஓசையை மட்டும் வைத்துப் பயப்படுவது வழக்கமான தவறு. பாதுகாப்பு உறைகளை வாரம் ஒருமுறை பின்னுக்குத் தள்ளி, உலோகக் கழுத்தை ஒட்டிய ரப்பரைப் பாருங்கள். வெடிப்பும் துருவும் ஒளிந்திருப்பது அங்கேதான்.

கேஜ் ஹோஸோடு சேரும் கழுத்திலிருந்து ஒரு மெல்லிய குமிழிக் கோடு வந்தால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஸ்பூல் என்கிற சிறு குழல் ஊசியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. வால்வை மூடி, காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே கழற்ற வேண்டும். இரண்டு ஸ்பேனர் பிடித்து, ஒன்றால் கேஜை அசையாமல் நிறுத்தி, மற்றதால் ஹோஸைத் திருப்பவும். மறுபடி மாட்டும்போது முரட்டுத்தனம் வேண்டாம். அடைப்பது ஓ-ரிங், மரை அல்ல. உதிரி ஸ்பூல் ஒன்று, ஓ-ரிங்கோடு, பெட்டியில் கிடக்கட்டும். விரல் நகம் அளவுப் பொருள் இல்லாததால் ஒரு நாள் டைவ் போவதுண்டு.

வால்வைத் திறக்கும்போது கேஜின் கண்ணாடி யாருடைய முகத்தையும் பார்க்கக் கூடாது. உள்ளே குழாய் கிழிந்தால் அழுத்தத்தை வெளியேற்றப் பின்புறம் ஒரு பாதுகாப்பு அடைப்பான் இருந்தாலும் அதை நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம். திறந்ததும், கேஜைப் பார்த்தபடியே நாலு ஆழ்ந்த மூச்சு. முள் அசையாமல் இருந்தால் வால்வு நன்றாகத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் இறங்கி மறுபடி ஏறினால், வால்வு கொஞ்சம்தான் திறந்திருக்கிறது. மேற்பரப்பில் இதோடு சுகமாக மூச்சு விடலாம்; 25 மீட்டரில் காற்றின் அடர்த்தி மூன்றரை மடங்கு, அங்கேதான் திணறும். முழுக்கத் திறந்து கால் சுற்று திருப்பி வைக்கும் பழைய பழக்கம் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். யாரோ திசை மாற்றிப் புரிந்துகொண்டு, முழுக்க மூடிக் கால் சுற்று திறந்து வைத்துவிடுவார். முழுக்கத் திறந்து அப்படியே விடுங்கள்.

டிரான்ஸ்மிட்டர் இருந்தால் முள் கேஜ் வேண்டுமா

இந்த வாதம் ஓய்வதில்லை. ஹோஸ் இல்லாமல் மணிக்கட்டில் அழுத்தம் தெரிவதும், இதே வேகத்தில் மூச்சிழுத்தால் இன்னும் எத்தனை நிமிடம் என்று கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் சொல்வதும் உண்மையிலேயே பயனுள்ளவை. ஆனால் அழுத்தம், ஆழம், நேரம், உடம்பில் சேரும் நைட்ரஜனின் கணக்கு என நான்கும் ஒரே திரைக்கு வந்துவிட்டன. அந்தத் திரை அணைந்தால் நான்கும் சேர்ந்து போகும்.

பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் தாழ் அதிர்வெண் ரேடியோவில் பேசுபவை. தண்ணீருக்குள் ஒரு மீட்டர் சொச்சம்தான் எட்டும். இடது மணிக்கட்டுக் கம்ப்யூட்டருக்கு, வலப்பக்கப் போர்ட்டில் மாட்டிய டிரான்ஸ்மிட்டர் உடம்புக்கு அந்தப்புறம் இருக்கும். கை நீட்டினால் சிக்னல் விடும். கேமரா ஃபிளாஷும் தண்ணீருக்குள் இழுத்துச் செல்லும் ஸ்கூட்டரின் மோட்டாரும் குறுக்கிடும். சில நொடிகள் கோடு காட்டிவிட்டு எண் திரும்பினால் கவலையில்லை. திரையில் பழைய எண் அப்படியே உறைந்து நிற்கும் மாடல்களில்தான் கவனம் வேண்டும்: சிக்னல் போனதை உங்கள் கம்ப்யூட்டர் எப்படிக் காட்டும் என்று கையேட்டில் தேடிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, சிலிண்டரைத் தூக்குகிறவர்கள் டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடிப்பது. கரும்பிளாஸ்டிக் உருளை, கைக்கு வாகாக இருக்கும். அதற்காகவே அதைத் தோள் பக்கம் துருத்தாமல் கீழ்நோக்கி மாட்டுவது நல்லது.

முள் கேஜையும் கூடவே மாட்டினால் கசியக்கூடிய இணைப்பு ஒன்று கூடுகிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். நியாயம்தான். டைவை நிறுத்த வேண்டி வந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு டிரான்ஸ்மிட்டர் மட்டும் போதும்: சிக்னல் போனால் மேலே ஏறிவிட வேண்டும், அவ்வளவே. நேராக ஏற முடியாத இடங்களுக்கு, அதாவது கப்பல் சிதைவின் உள்ளே, குகை, டிகம்ப்ரஷன் கடன் சேரும் (நைட்ரஜன் வெளியேற வழியில் நின்று நின்றே ஏற வேண்டிய) டைவ் போன்றவற்றுக்கு, 60 சென்டிமீட்டர் ஹோஸில் ஒரு சாதாரண முள் கேஜை இடது இடுப்பு வளையத்தில் கொக்கி போட்டு வைப்பதே என் தேர்வு. ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் பொதுவாக இரண்டு உயர் அழுத்தப் போர்ட் இருப்பதால் இடப் பிரச்சினை இல்லை.

பொத்தான் கேஜ் என்று ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலேயே நேராகத் திருகும் குட்டிக் கேஜ் ஒன்று உண்டு. முதுகுச் சிலிண்டரில் அதை நீங்கள் பார்க்கவே முடியாது. பக்கவாட்டில் தொங்கும் சிறிய மாற்றுச் சிலிண்டருக்கு அது சரி, இறங்குமுன் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க. அந்தப் பார்வையைத் தவறவிடுகிறவர்கள் அநேகம். 3 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 600 லிட்டர். 30 மீட்டரில் ஒரு நிமிடம் தடுமாறி, ஏறி, நின்று வருவதற்கு நிமிடத்துக்கு 25 லிட்டர் கணக்கில் சுமார் 420 லிட்டர் போகும். போன மாதம் கசிந்து 120 பாராகிவிட்ட அதே சிலிண்டரில் 360 லிட்டர்தான்.

ஆழம்

இதை வேகமாகக் கடக்கலாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆழமானி இருக்கிறது. தனி ஆழமானி வாங்கினால் எண்ணெய் நிரப்பிய பூர்தோன் வகையோ ஆழமும் நேரமும் மட்டும் காட்டும் டிஜிட்டல் பாட்டம் டைமரோ வாங்குங்கள். ஒரு முனை திறந்த கண்ணாடிக் குழலான கேப்பிலரி வகை அழகானது: பாயில் விதிப்படி 10 மீட்டரில் உள்ளே உள்ள காற்று பாதியாகச் சுருங்கும், 20-ல் மூன்றில் ஒன்றாகும், 30-ல் நான்கில் ஒன்று. ஆழம் கூடக் கூடக் கோடுகள் நெருங்கிவிடுவதால் 10 மீட்டருக்குக் கீழே படிக்க முடியாது. ஆனால் 5 மீட்டர் நிறுத்தத்தை அதைப்போல் தெளிவாகக் காட்டுவது எதுவுமில்லை.

இரண்டு கருவிகள் அரை மீட்டர், ஒரு மீட்டர் வேறுபடுவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கடல் நீர் நன்னீரைவிட இரண்டரை, மூன்று சதவீதம் கனம். ஒன்று கடலுக்கும் மற்றது நன்னீருக்கும் அமைத்திருந்தால் 30 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். நைட்ரஜன் கணக்கு அழுத்தத்தை வைத்துத்தான் ஓடுகிறது, ஆகவே அது கெடாது. உண்மையில் சோதிக்க வேண்டுமென்றால் எல்லாக் கருவிகளையும் ஒரே கயிற்றில் கட்டி, 5, 10, 20 மீட்டர் முடிச்சுகளில் நிறுத்திப் பாருங்கள்.

கம்ப்யூட்டருக்கு மாற்று எது

குழப்பம் அதிகம் இங்கேதான். ஆழமானி, கடிகாரம், எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் அட்டவணை மூன்றும் இருந்தால் கம்ப்யூட்டருக்கு மாற்று ஆயிற்று என்று சொல்வார்கள். காகிதத்தில் சரி. ஒரு சாதாரண டைவை எடுத்துக்கொள்ளுங்கள்: 30 மீட்டரில் 10 நிமிடம், 18 மீட்டரில் 25 நிமிடம், 10 மீட்டரில் 15 நிமிடம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஆழத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு இதை அனுமதிக்கும். அட்டவணையோ அதிகபட்ச ஆழத்தையும் மொத்த நேரத்தையும் மட்டுமே கேட்கும். 30 மீட்டரில் 50 நிமிடம் என்று கேட்டால், டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) பொழுதுபோக்கு டைவ் அட்டவணையில் 30 மீட்டருக்கு 20 நிமிடம்தான் எல்லை. கம்ப்யூட்டர் போன அந்த நொடியில் உங்கள் டைவ் அட்டவணைக்கு வெளியே நிற்கிறது. அட்டவணை மாற்றாக வேண்டுமென்றால் முதல் நிமிடத்திலிருந்தே அட்டவணைப்படி டைவ் செய்திருக்க வேண்டும்.

ஆகவே ஆழமானியும் கடிகாரமும் ஒழுங்காக மேலே வருவதற்கான மாற்று. அடுத்த டைவுக்கான மாற்று, அன்றைக்கு முதல் டைவிலிருந்தே உங்கள் கையில் இருந்த இரண்டாவது கம்ப்யூட்டர் மட்டும்தான். பையில் புதிதாகக் கிடக்கும் கம்ப்யூட்டருக்கு உங்கள் உடம்பில் இருக்கும் நைட்ரஜன் தெரியாது. ஜோடியின் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அவர் உங்களைவிட இரண்டு மீட்டர் மேலே மிதந்திருப்பார், காலையில் ஒரு டைவ் குறைவாகப் போயிருப்பார். பல கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் ப்யூல்மான் இசட்எச்எல்-16 கணக்கில் நைட்ரஜனை வெவ்வேறு வேகத்தில் ஏற்று விடும் 16 திசுப் பிரிவுகள் உண்டு. அவற்றின் அரைநேரம் (பாதி நிரம்ப ஆகும் நேரம்) 4 நிமிடத்திலிருந்து 635 நிமிடம் வரை போகும். மெதுவான பிரிவுகள் இறங்க மணிக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஒற்றைக் கம்ப்யூட்டர் போய்விட்டால், 24 மணி நேரம் தண்ணீருக்குள் இறங்காமல் இருந்துவிட்டுப் புதிய கம்ப்யூட்டரோடு தொடங்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவதை வாங்கும்போது முதலாவதன் கணக்கு முறையையே தேர்ந்தெடுங்கள். வேறு கணக்கு முறை என்றால், ஒன்று இன்னும் 8 நிமிடம் இருக்கிறது என்னும்போது மற்றது நிறுத்தம் போடச் சொல்லும். கட்டுப்பாடு கூடியதன் பேச்சைக் கேட்டு நடந்தால் பிரச்சினை இல்லை. கேட்காமல் ஏறினால் அது பூட்டிக்கொள்ளும், பல மாடல்கள் 24 மணியோ 48 மணியோ திறக்காது. மாற்று என்று கட்டிக்கொண்டது வெறும் வளையல் ஆகிவிடும். இரண்டிலும் ப்யூல்மான் என்றால் எவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்கிட வேண்டும் என்று சொல்லும் கிரேடியன்ட் ஃபாக்டர் எண்களும் ஒன்றாக இருக்கட்டும், 40/85 என்றால் இரண்டிலும் 40/85. மாற்று பெரிதாக இருக்க வேண்டாம். கைக்கடிகாரம் அளவில், வேறு வகை பேட்டரியோடு இருப்பது விசேஷம்: ஒன்று சார்ஜ் செய்வது, மற்றது மாற்றும் பேட்டரி. இரண்டையும் ஒரே சார்ஜரை நம்பி எடுத்துப் போவதில் பொருளில்லை.

இரண்டாவது கம்ப்யூட்டர் ஏமாற்றும் இடங்கள் சில. ஆழமும் நேரமும் மட்டும் காட்டும் கேஜ் மோடில் ஒரு டைவ் போனால் நைட்ரஜன் கணக்கு நின்றுவிடும், பல மாடல்கள் அதன்பின் ஒரு நாளோ இரண்டு நாளோ டைவ் மோடுக்குத் திரும்பா. மூச்சடக்கி முழுகும் ஃப்ரீடைவ் மோடிலும் சில மாடல்களில் இதே கதை. நைட்ராக்ஸ் 32 (ஆக்ஸிஜன் 32 சதவீதமாகக் கூட்டிய காற்று) மூச்சிழுக்கும் நாளில் மாற்றைக் காற்றிலேயே விட்டுவிட்டால், நைட்ரஜன் கணக்கில் அது கூடுதல் எச்சரிக்கையோடுதான் இருக்கும், ஆனால் 33 மீட்டர் ஆக்ஸிஜன் எல்லையைத் தாண்டும்போது வாயே திறக்காது. தலைகீழ்த் தவறுதான் விபரீதம்: நேற்றைய 32-ஐ மாற்றாமல் இன்று காற்றோடு இறங்குவது. தொடர் டைவ்களுக்கு நடுவே பேட்டரி மாற்றினால் சில கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும். பேட்டரிக் குறி பாதியில் இருக்கும்போதே, பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். பேட்டரி மூடியின் ஓ-ரிங்கில் ஒரு முடி, ஒரு மணல் துகள் போதும், உள்ளே தண்ணீர். சிலிக்கான் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். கட்டியாகப் பூசினால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும்.

நடு டைவில் திரை அணைந்தால், மாற்றுக் கம்ப்யூட்டர் இல்லாதவர் செய்ய வேண்டியது: ஜோடிக்குச் சைகை, உடனே ஏற்றம், சின்னக் குமிழிகளை முந்தாத வேகம், 5 மீட்டரில் காற்று அனுமதிக்கும் வரை, குறைந்தது 3 நிமிடம். மிதவைக் கயிற்றில் மிதவையிலிருந்து 5 மீட்டரில் ஒரு முடிச்சு போட்டு வைத்திருந்தால், எந்தக் கருவியும் இல்லாமலே நிற்கும் இடம் தெரியும். செலவில்லாத ஆழமானி.

நேரத்துக்குக் கைக்கடிகாரம் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 6425 தரம் உள்ளது. அதன் வெளிவளையம் ஒரே திசையில்தான் சுழலும். எதிலாவது இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைக்காது. பழுதாவதென்றால் பத்திரமான பக்கமாகப் பழுதாக வேண்டும் என்பதை இவ்வளவு எளிமையாகச் செய்த கருவி வேறொன்றில்லை.

திசைகாட்டியில் கவனிக்க வேண்டியது சாய்வு. காந்தப்புலம் துருவங்களை நோக்கிச் சரிவதால், வட கோளத்துக்குச் சமன் செய்த முள் தென் கோளத்தில் ஒருபக்கம் இறங்கித் தட்டில் உரசும். பயணம் போகிறவர்கள் இரண்டு கோளத்துக்கும் பொருந்தும் வகையைக் கேட்டு வாங்கவும். ஸ்டீல் சிலிண்டர், காந்தச் சுவிட்ச் உள்ள டார்ச் ஆகியவற்றை ஒட்டிப் பிடித்தால் முள் பொய் சொல்லும். கம்ப்யூட்டரில் இருக்கும் டிஜிட்டல் திசைகாட்டியை மாற்றாகக் கொள்ளலாம், பேட்டரி மாற்றியதும் மறுபடி அளவீடு செய்தால்.

பிரதானக் கம்ப்யூட்டர் ஒரு மணிக்கட்டில், மாற்று மற்ற மணிக்கட்டில் அல்லது மிதவை ஜாக்கெட்டின் பைக்குள் கொக்கியில். மாற்றை டைவுக்கு நடுவே இரண்டு மூன்று முறையாவது பார்த்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். அது 10 நிமிடத்துக்கு முன்பே நின்றுபோயிருப்பது பிரதானம் போகும்போது தெரியவருவதில் பயனில்லை. டைவ் முடிந்ததும் டிரான்ஸ்மிட்டரின் அழுத்தத்தை வெளியேற்றி அணைய விடுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டரோடு உட்கார்ந்து இரவெல்லாம் யாரும் கேட்காத எண்ணை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். கழுவும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியைத் துடைத்து, காயவைத்து, முதலில் மாட்டிவிட வேண்டும். அந்தத் துளை வழியாக நுழையும் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் ஹோஸ் வழியே பூர்தோன் குழாய் வரை போய், அடுத்த சீசனில் 50 பாரில் சிக்குகிற முள்ளாகத் திரும்பி வரும்.